கட்டைவிரல் தட்டு

எனக்கு இடது கண்ணில் ஓரப்பார்வை கிடையாது. கண்ணழுத்தம் தின்றுவிட்டது. வீட்டில்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை. கராத்தே ஜோடி ஸ்ரீநாத்திடம் மட்டும் சொன்னேன். அன்றைக்கே வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கலாம்.

ஜாலான் புசார் பக்கத்துச் சமூக மன்றம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கராத்தே வகுப்பு. மருதப்பன் என்கிற எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தெம்பனிஸில் ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை. கறுப்புப் பட்டை எனக்கு வெறும் வீம்பு. ஸ்ரீநாத்துக்கு அது பிழைப்பு. செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக வெல்டர். மே மாதத்தோடு வேலை பெர்மிட் முடிகிறது, ஊருக்குத் திரும்பவேண்டும். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில், கறுப்புப் பட்டையோடு வந்தால் ஜூனில் கராத்தே மாஸ்டராகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஏப்ரலில் கிரேடிங், பட்டைக்கான தேர்வு. அதை விட்டால் அக்டோபரில்தான்.

ஜோடிப் பயிற்சியில் ஆரம்பத்தில் ஒரு மரியாதை உண்டு. தாக்குகிறவன் எங்கே குத்தப்போகிறான் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் குத்தவேண்டும். மேல்நிலைக்கு வந்துவிட்டால் அந்த மரியாதை போய்விடும். எந்தக் கை, எந்த இடம், எந்த நொடி, எதுவும் தெரியாது. வருவதைத் தடுத்து அதே மூச்சில் திருப்பித் தரவேண்டும். முதல் மாதம் முழுக்க இடது கன்னத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கண் விஷயத்தைச் சொன்ன மறுவாரமே ஸ்ரீநாத் ஒன்று செய்தான். என் இடது பக்கம் குத்துவதற்கு முன்னால், முன்கால் கட்டைவிரலால் பலகைத் தரையில் லேசாக ஒரு தட்டு. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. தடுத்துவிட்டேன். அடுத்ததையும் தடுத்தேன்.

"சரியா வருதுல்லண்ணே," என்றான்.

"கள்ளாட்டம்ப்பா இது."

"யாருக்குத் தெரியப்போவுது லா."

பழகியதும் நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷங்கர் மாஸ்டர் ஜோடிகளை மாற்றிவிட்டார். ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீநாத் லீலாவோடு மோதிக்கொண்டிருந்தான். டக். குத்து. டக். குத்து. இரண்டு பக்கமும், ஒவ்வொரு குத்துக்கு முன்னாலும். அவனுக்கே அது தெரியவில்லை. கால் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. லீலா புதுசு, கவனிக்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் நான் தோற்பேன். கிரேடிங்குக்கு நாலு வாரம்தான் இருந்தது. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன்.

எங்கள் சங்கத்தில் ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு சலுகை. பழகிய ஜோடியோடு மோதினாலே போதும். மற்றவர்கள் இரண்டு பேரோடு மோதவேண்டும். நான் ஸ்ரீநாத்தோடு மோதினேன். பத்துக் குத்து. பத்தையும் தடுத்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலையாட்டினார்.

பிறகு ஸ்ரீநாத்துக்கு எதிரே அர்ஜுன் வந்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், பாம்புக் காது. இரண்டாவது குத்திலேயே பிடித்துவிட்டான். மூன்றாவதிலிருந்து தட்டு கேட்டதும் உள்ளே புகுந்து அடித்தான். நெஞ்சில், விலாவில், மறுபடி நெஞ்சில். ஸ்ரீநாத் இன்னும் வேகமாகக் குத்தினான். தட்டும் வேகமாக விழுந்தது. நிறுத்துடா, நிறுத்துடா என்று மனசுக்குள் கத்தினேன். மனசுக்குள்ளேயே கத்தி என்ன பிரயோஜனம்?

தேர்வாளர் அவனை அருகில் கூப்பிட்டார். அடிக்கும் முன்பே சொல்லிவிட்டு அடிக்கிறாய், இது பழகிப்போன குறை, ஆறு மாதம் கழித்து வா என்றார். அவனுக்கு ஏது ஆறு மாதம்?

எனக்குப் பட்டை கட்டியபோது முதலில் கை தட்டியவன் அவன்தான்.

கிரேடிங் முடிந்து இரண்டு பேரும் தெருமுனைக் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். என் பட்டை பைக்குள் இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்லப்போற?"

"என்ன சொல்றது? வேற ஆளப் பாத்துப்பாங்க." விரலால் மேசை ஈரத்தைத் துடைத்தான். "அண்ணே, உங்களுக்கு மட்டும்தான தட்டுனேன். மத்தவங்களுக்கும் தட்டுறேனா? நீங்க எப்பவாச்சும் பாத்தீங்களா?"

அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. என்னைக் கேட்டால் உண்மை தெரியும் என்கிற நம்பிக்கைதான் இருந்தது.

"இல்லப்பா," என்றேன். "நான் பாத்ததில்ல."

"பாத்திருந்தா சொல்லியிருப்பீங்க," என்றான்.

எழுந்து டீ வாங்கப் போனான். நான் பையின் ஜிப்பைத் திறந்து பட்டையைப் பார்த்தேன். தூக்கிக் குப்பையில் போட்டால்கூட அது அவன் இடுப்புக்குப் போகாது. என்னைப் போல ஒரு ஈனப்பிறவி இந்த ஊரில் இருக்காது என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அவன் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று தோன்றவில்லை.

அவன் வந்தது என் இடது பக்கமாக. எனக்கு ஆள் தெரியவில்லை. சிமெண்டுத் தரையில் செருப்பு நுனி லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் சூடு டீ என் கைக்கு வந்தது.