இன்ஸ்பெக்டர் வண்டியின் சத்தம்

சேலம் நாமக்கல் சாலையில் பஸ் கண்டக்டர்களுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டால், பஸ் முதலாளி என்று சொல்லிவிடாதீர்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் சுவாமிநாதனின் மோட்டார் சைக்கிள்தான் சோறு போட்டது. அடேயப்பா, அது என்ன சத்தம்! அந்த வண்டி தூரத்து மேட்டில் ஏறும்போதே புதுச்சத்திரத்தில் கட்டியிருக்கும் எருமைகள் காதைத் தூக்கும். சத்தம் கேட்டதுதான் தாமதம், கண்டக்டர்கள் பரபரவென்று டிக்கெட்டைக் கிழித்து, காசை மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார வைத்திருந்த ஆட்களின் கையில் திணித்துவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் பஸ்ஸை மறித்துத் தலையை எண்ணும்போது எல்லாம் சரியாக இருக்கும். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போவார்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஓட்டித் தேய்த்துக் கழித்துப் போட்ட வண்டியை, மலிவாக வருகிறதே என்று முதலாளி வாங்கி இன்ஸ்பெக்டர் தலையில் கட்டியிருந்தார். அந்தக் கிழட்டு வண்டிக்கு உயிர் கொடுத்து ஓட விட்டவன் சடையன். ஊருக்கு வெளியே சாலையோரம் அவனுக்கு ஒரு ஓலைக் கொட்டகை. சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவான், மாட்டு வண்டிக்கு அச்சு மாற்றுவான். லாரியில் கிளீனராகத் திரிந்தபோது கற்ற இஞ்சின் வேலையை எல்லாம் இந்த ஒரு வண்டியில்தான் காட்டுவான். கரி சுரண்டி, வால்வை எண்ணெயும் பொடியும் போட்டுத் தேய்த்து உட்கார வைப்பான். கிளட்சில் தக்கை தேய்ந்து போனால் மருந்துப் புட்டித் தக்கைகளை அறுத்துச் செருகுவான். மறுபடியும் ஓடும். இன்ஸ்பெக்டரும், "உன் கை பட்டாத்தான்டா இது வண்டி" என்பார். அதைக் கேட்டால் சடையனுக்கு ஒரு வேளைச் சோறு கூடத் தேவையில்லை.

ஆனால் சைலன்சரை மட்டும் அவன் தொடவில்லை. அது துருப்பிடித்து உள்ளங்கை நுழைகிற ஓட்டையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்கும்போதெல்லாம், "கெட்டித் தகடு வேணுங்க சார், கெடைக்கலீங்க" என்று தட்டிக் கழித்தான். தகடு கிடைக்காமல் என்ன! அந்தச் சாலையில் கண்டக்டராகப் போகிறவர்களில் அவனுடைய மாமன் சென்னிமலையும் ஒருவன். அக்கா மாரக்காளின் புருஷன். கொட்டகை நின்ற இடமே மாமனுடைய காட்டின் ஓரம். தாய் செத்தபிறகு சடையனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பெண்சாதி பிரசவத்தில் போய், பெற்ற பெண் குழந்தையும் அழாமலே கண்ணை மூடியபோது, அவனைக் கிணற்றுப் பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவளும் அவள்தான். அவளை விட்டால் அவனுக்கு நாதி கிடையாது.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். வழக்கமான அதிகாரம் இல்லை. கொட்டகை மரப்பெட்டியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"சடையா, எனக்குப் பொண் குழந்தை பொறந்திருக்குதுடா. மூணு மாசம் ஆச்சு. காலையில நான் இந்தச் சனியனைக் கிளப்பினா அலறுது. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. பால் குடிக்க மாட்டேங்குது. வைத்தியர் சத்தமே ஆகாதுன்னுட்டார். நீ மனசு வெச்சாத்தான் உண்டு."

சொல்லும்போது மனிதர் தொப்பியின் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தார். பால் குடிக்காத பெண் குழந்தை என்று காதில் விழுந்ததும் சடையனுக்கு மாமன் ஞாபகம் வரவில்லை, கண்டக்டர்கள் ஞாபகம் வரவில்லை. "வண்டிய உட்டுட்டுப் போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான்.

வேலையா அது! பழைய எண்ணெய் டிரம்மை வெட்டிக் குழலாகச் சுருட்டினான். உள்ளே துளை போட்ட தகடுகளை ஒன்றுக்கு ஒன்று தள்ளி நிறுத்தினான், புகை முட்டி முட்டித் திரும்பி வெளியே வரட்டும் என்று. இஞ்சினிலிருந்து குழாய் புறப்படுகிற இடத்தில் செம்பு வளையம் தட்டி இறுக்கினான். வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, செயினின் தொங்கலை எடுத்தான். கிளப்பிப் பார்த்தால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. கூலி வாங்கவில்லை. உடைந்த பேரிங் குண்டுகளைச் சின்னப் பித்தளை டப்பியில் போட்டு மூடி, கைப்பிடி வைத்து ஒரு கிலுகிலுப்பை செய்து, "கொளந்தைக்கு என்ற சீருன்னு வெச்சுக்கோங்க சார்" என்று கொடுத்தான். இன்ஸ்பெக்டர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டி சத்தமில்லாமல் போய் மறைந்த பிறகுதான் சடையனுக்குச் சுருக்கென்றது. மாமனும் மற்ற கண்டக்டர்களைப் போலத்தானா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒரு தம்பிடி தொட்டதில்லை என்று மாமன் எரிகிற சூடத்தை அடித்துச் சத்தியம் செய்வான். இருந்தாலும் சொல்லி வைப்பது நல்லது என்று அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு ஓடினான். மாமன் இல்லை, மோகனூர்ப் பக்கம் சேவல்களை மோதவிடும் சேவக்கட்டுக்குப் பந்தயம் கட்டப் போயிருந்தான். மாரக்காள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாமன் வந்ததும் மறக்காம சொல்லிப்போடு. இன்ஸ்பெக்டர் வண்டி இனிமே சத்தமில்லாம வரும். பாத்து நடந்துக்கச் சொல்லு."

"ஏன், சத்தத்துக்கு என்ன ஆச்சு?"

அவன் குழந்தை விஷயத்தைச் சொன்னான். அவள் அவன் கன்னத்தை ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். "நீ கெட்டிக்காரன் சாமி. சொல்லீர்றேன், போ" என்றாள். சடையன் நிம்மதியாகப் போய்ப் படுத்தான்.

அந்த வாரமே சென்னிமலை மாட்டிக்கொண்டான். ராசிபுரம் பிரிவு தாண்டி, பஸ் கிளப்பிய புழுதிக்குள்ளேயே இன்ஸ்பெக்டர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் பாதிப்பேர் கையில் டிக்கெட் இல்லை. நடுரோட்டிலேயே தோல்பையைப் பிடுங்கிக்கொண்டு, "உன் மச்சினன் கைவேலை எப்படி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு அவனை இறக்கிவிட்டார்.

சென்னிமலை நேராகக் கொட்டகைக்குத்தான் வந்தான். அவன் பின்னால் வேடிக்கை பார்க்கிற கும்பல். விஷயம் தெரிந்து காட்டிலிருந்து ஓடி வந்த மாரக்காளும் நின்றாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு.

"எங்கூட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு எனக்கே குழி பறிச்சுப்போட்டயேடா! அந்த எச்சக்கலைகிட்ட எவ்வளவுடா வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கலீங்க மாமா. நான் அன்னைக்கே வந்து…"

வந்து அக்காவிடம் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளே சொல்வாள் என்று காத்திருந்தான். ஒரு வார்த்தை போதும். "அவன் எங்கிட்டச் சொல்லீட்டுத்தான் போனான்" என்று சொன்னால் தீர்ந்தது. அவள் தரையைப் பார்த்தாள். கும்பல் முழுக்க அவனைத்தான் பார்த்தது. மறந்துபோயிருப்பாள், பயத்தில் நாக்கு எழவில்லை போலிருக்கிறது, பாவம், என்று அவனே அவளுக்காகச் சமாதானம் தேடிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். அட மடையா!

"வர்ற சந்தை நாளுக்குள்ள கொட்டகையைப் பிரிச்சுக்கிட்டு ஓடிப்போயிரு. இல்லாட்டி நானே தீ வெச்சுப்போடுவேன்" என்று சென்னிமலை காறித் துப்பிவிட்டுப் போனான். மாரக்காள் அவன் பின்னாலேயே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டரின் வண்டி வந்தபோது சடையன் சாலை நடுவே போய் நின்றான். கைகூப்பிக் கேட்டான். மாமனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், குழந்தைக்காக நான் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினான்.

"எந்தக் குழந்தை?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அடப்பாவி, இன்னும் நம்பிக்கிட்டா இருக்கே? எனக்கேதுடா குழந்தை? தகடு இல்லை, தகடு இல்லைன்னு ஒரு வருஷம் நீ என்னை ஏமாத்தலியா? நான் ஒரே ஒரு நாள் ஏமாத்தினேன். சரியாப்போச்சு."

"அந்தக் கிலுகிலுப்பை?"

"பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டுக்குட்டிக் கழுத்துல கட்டியிருக்கான்."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சத்தமே இல்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று சடையனுக்குக் கோபம் பொங்கியது. செத்துப்போன தன் குழந்தையை நினைத்து அல்லவா அவன் அந்த வேலையைச் செய்தான்! வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. கையில் இருந்த ஸ்பானரைப் புழுதியில் வீசினான், பிறகு குனிந்து அவனே பொறுக்கிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் யாரோ அசலூரான், போகட்டும். அக்கா இருக்கிறாள். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாமன் அடங்கிவிடுவான், கொட்டகை தப்பும், ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம். அந்த ஒன்றைக் கேட்டுவிடலாம் என்று காட்டுக்குள் நடந்தான்.

மாரக்காள் பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நின்றது.

"அக்கா, மறந்துபோச்சா? மாமன்கிட்டச் சொல்ல மறந்துட்டயா?"

மடியிலிருந்த காய்களைக் கூடையில் கொட்டினாள்.

"மறக்கலே சாமி. வேணும்னுதான் சொல்லலே."

சடையன் நின்றவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"உங்க மாமன் கொண்டாற காசெல்லாம் சேவல் காலுக்குத்தான் போகுது. என்ற தாலிக்கொடி எங்கன்னு கேளு. மஞ்சக்கயித்தைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், அடிதான் மிச்சம். திருட்டுக் காசு நின்னாச் சேவக்கட்டும் நிக்கும். ஒரு நாளைக்குக் கையும் களவுமா மாட்டினா பயந்துக்குவாருன்னு நெனச்சேன். நாலு ஏச்சு ஏசி உட்டுருவாங்கன்னுதான் நெனச்சேன் கண்ணு. வேலையே போயிரும்னு நான் கண்டனா?"

"செரி, நடந்தது நடந்துபோச்சு. இப்பவாச்சும் சொல்லு. நான் வந்து சொன்னேன்னு மட்டும் சொல்லு. நீ வேணும்னு செஞ்சேன்னு சொல்ல வேண்டாம். மறந்துட்டேன்னு சொல்லு, போதும்."

"மறந்துட்டேன்னு சொன்னா உட்டுருவாரா? என்னால வேலை போச்சுன்னு என்னைய வெட்டிக் கெணத்துல போட்டுருவாரு."

"அப்பறம் நான்?"

"உனக்குக் கைத்தொழில் இருக்குது. சேலத்துக்குப் போ, திருச்செங்கோட்டுக்குப் போ, எங்க போனாலும் பொழச்சுக்குவே." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் மட்டும் கணக்காக இருந்தது, ரொம்ப நாள் யோசித்து முடித்துவிட்டவளின் குரல். "நான் அவருகூடத்தான் குடும்பம் நடத்தோணும். உன்கூட நடத்த முடியாதில்லே? யாரு மேலயாவது கோவத்தைக் காட்டித்தான் அவரு ஆறுவாரு. அது உன்மேலயே இருக்கட்டும் சாமி. அக்காளுக்காகப் பொறுத்துக்க."

இன்ஸ்பெக்டர் ஏமாற்றியபோது சடையனுக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம்கூட வரவில்லை. தரையில் கையை ஊன்றி எழுந்தான்.

"அக்கா, நீ என்னை…" என்று ஆரம்பித்தான்.

அதற்குள் மாரக்காளின் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போயிற்று. வரப்பின் மேல் சென்னிமலை வந்துகொண்டிருந்தான். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஒரு பிடி கடலைச் செடியை மண்ணோடு அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடா வந்தே, துரோகி! என்ற குடும்பத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு மூஞ்சியைக் காட்ட வந்தயா? உன்னைய வளத்தேனே, அந்தப் பாவத்துக்கு எனக்கு நல்லா வேணும்! உனக்கும் எனக்கும் தலைமுழுகியாச்சு, போடா!"

செடி அவன் மார்பில் பட்டுச் சிதறியது. வரப்பில் நின்ற சென்னிமலையின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. செத்துப்போன அவன் பெண்சாதியையும் இழுத்தாள், குழந்தையையும் இழுத்தாள். உன் பாவத்துக்குத்தான் அது தங்கவில்லை என்றாள்.

சடையன் மண்ணைத் தட்டிவிடாமலே திரும்பி நடந்தான். அவள் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அவள் மனசிலிருந்து வரவில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நிஜமென்று நம்பியிருந்தால் அவனும் நாலு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பான்.