றொபேர்ட்டுக்கு வந்துசேர்ந்த பந்து

1944 நவம்பரில் அமெரிக்காவில் றொபேர்ட்டை நோக்கி எறியப்பட்ட பந்து, 2023 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் அவருடைய அறைக்குள் வந்துசேர்ந்தது. இடையில் அது எங்கும் விழவில்லை.

றொபேர்ட் பெரிய ஆட்டக்காரர் இல்லை. இடது காது கேளாததால் இராணுவம் அவரை வேண்டாமென்றது. நல்ல ஆட்டக்காரர்கள் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பந்தைக் கையால் பிடித்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்போல் அணியொன்று அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. வாரநாட்களில் குண்டுத் தொழிற்சாலை, ஞாயிறுகளில் மைதானம். இரண்டு பருவங்களில் ஒரு பந்தைக்கூட அவர் பிடிக்கவில்லை. கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்கள். யுத்தம் முடிந்து வந்தவர்கள் தங்கள் இடங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். றொபேர்ட் மட்டும் அண்ணாந்தபடியே இருந்தார். பந்து தரையில் விழுந்தால், ஒன்றையும் பிடிக்காதவன் என்ற பெயரோடுதான் அவருடைய ஆட்டம் முடியும்.

அவர் போன இடமெல்லாம் பந்தும் போனது. கப்பல் வேலையில் எஸ்பியர்க் வந்து இறங்கியபோது துறைமுகத்துக் கடற்காகங்கள் அதன்மேல் உட்கார்ந்து பழகின. இங்கர் என்ற டேனிஷ்காரியைக் கல்யாணம் செய்தார். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தும் அவள் கண்டதெல்லாம் புருஷனின் தாடையைத்தான். பிள்ளைகள் இல்லை. அவளைப் புதைத்த அன்றும் அண்ணாந்துதான் நின்றார். அவள் பாவமா, அவர் பாவமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இல்லத்தில் அவரைப் பராமரித்தவர் தமிழ்த் தாதியான தவமணி. யாராவது இறந்தால், உயிர் வெளியேறட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுவது அங்குள்ள டேனிஷ் தாதியரின் வழக்கம். பதினைந்து வருடத்தில் தவமணிக்கும் அது கைப்பழக்கமாகியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கிழவர் பேச்சுமூச்சின்றிக் கிடந்தார். தவமணி நாடியைப் பார்க்க மறந்து நேரே போய் ஜன்னலைத் திறந்தார். உயிர் வெளியே போகவில்லை, பந்து உள்ளே வந்தது. நூற்றொரு வயது றொபேர்ட் கண்ணைத் திறந்து இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் போயிட்டீங்களெண்டெல்லோ நினைச்சன், அப்பு," என்றார் தவமணி.

எழுபத்தெட்டு வருடங்களில் முதல்முறையாக அவருடைய தலை தாழ்ந்தது. தவமணியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார். அதைக் கழற்றித் தரச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு, இவளுக்கு இடது கன்னத்தில் மச்சம் இருந்ததா என்று டேனிஷில் கேட்டார்.

தவமணி குனிந்து படத்தைப் பார்த்தார். பதில் தமிழில்தான் வந்தது.

"ஓம் அப்பு. இருந்திருக்கு."

பந்தை அலுமாரியில் கம்பளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதன் பிறகு றொபேர்ட் ஏழு மாதம் இருந்தார். அறைக்கு வந்தவர்களிடமெல்லாம், தன் மனைவியின் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது என்று புதுச் செய்தியாகச் சொன்னார். பந்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.