சிவப்புக்கு ஆழம் ஆகாது

பார்வதம்மா சப்-இன்ஸ்பெக்டரின் கைபேசியை வாங்கி, முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். குவாரிப் பள்ளத்தைச் சுற்றி நின்றிருந்த நாற்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அறுபது அடி ஆழத்துக்கு முக்குளித்துப் போய், அவள் தெருப் பையன் இவான் எடுத்துக்கொண்டு வந்த படம் அது. பச்சைக் கலங்கலுக்கு நடுவே ஒரு பாறை விளிம்பு. அதன் அடியில், யாரோ எப்போதோ கழித்துப் போட்ட இரும்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஒரு உடம்பு குப்புறக் கிடந்தது. முகம் தெரியவில்லை. ஜீன்ஸ் பேண்ட், முழுக்கைச் சட்டை. அவள் படத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"இது கருப்பு சட்ட. எம்புள்ள செவப்பு சட்டயில்ல போட்டுகினு போனான்?"

கூட்டம் அப்படியே கலகலத்தது. கல்மேல் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் துரை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நல்லா பாரு பார்வதி." அவள் விடவில்லை. "நாந்தான ராபர்ட்சன்பேட்ட போயி ஆடிக் கிருத்திகைக்கு எடுத்துகினு வந்தேன்! செவப்புய்யா, நல்ல ரத்தச் செவப்பு." அவள் இவானின் ஈரக் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருப்படா, எந்தங்கமே."

இவான் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு, முதுகுச் சிலிண்டரைக் கழற்றக் குனிந்தான்.

அவன் பிழைப்பே தண்ணீருக்கடியில் படம் எடுப்பதுதான். முருடேஸ்வரம் கடற்கரையில் ஒரு ஸ்கூபா கடையில் எட்டு வருஷமாக இருக்கிறான். தேனிலவுக்கு வருகிறவர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீனோடு மீனாகப் படம் பிடித்துக்கொள்வார்கள். மழைக்காலம் வந்தால் கடலை மூடிவிடுவார்கள், இவானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டுக்கு, அம்மாவிடம் வந்துவிடுவான். போன சீசனில் ஒரு பெண் சிவப்புப் புடவையில் இறங்கி, மேலே வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இன்னா எழவு வீட்டுக்கா வந்தேன், இப்பிடிக் கரியாட்டம் இருக்கேன்?" என்று சண்டைக்கு வந்தாள். சிவப்புக்கு ஆழம் ஆகாது. தண்ணீர் முதலில் குடிக்கிற நிறம் அதுதான். இருபது அடியில் மங்கும், நாற்பதில் பழுப்பாகும், அறுபதில் கருப்பு. ஃபிளாஷ் போட்டால்தான் நிறம் திரும்பும். தொழிலில் சேர்ந்த முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம் இது.

குவாரியிலும் அவன் ஃபிளாஷ் போட்டுத்தான் எடுத்தான், ஒன்பது படம். கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் பட்டதும் தூசெல்லாம் பஞ்சு பறந்தாற்போல் வெள்ளையாகப் பற்றிக்கொண்டு உருவத்தை மறைத்துவிட்டது. ஆனால் ஒன்பது முறையும், கண் சிமிட்டும் நேரத்துக்கு, அந்தச் சட்டைக் கை சிவப்பாகத்தான் தெரிந்தது. பிறகு ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேலிருந்து வடிந்து வந்த கொஞ்ச வெளிச்சத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு பத்தாவது படத்தை எடுத்தான். தெளிவாக விழுந்தது. பழக்கதோஷம், உருப்படாத ஒன்பதையும் தண்ணீருக்குள்ளேயே அழித்துவிட்டான். வாடிக்கையாளருக்கு நல்ல படத்தை மட்டும்தானே கொடுப்பது வழக்கம்.

பார்வதம்மாவின் மகன் பரத் காணாமல் போய் ஐந்து நாள். பெங்களூருக்குக் காலை ரயில் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பினவனின் பைக், ஸ்டேஷனில் இல்லாமல் இந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றது. குளிக்கப் போனானா, வேறெதற்குப் போனானா, ஒருவருக்கும் தெரியாது. தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள், பழைய டயர்தான் வந்தது. பெங்களூரிலிருந்து முக்குளிக்கிறவர்களை வரவழைக்க வேண்டுமென்றால், கீழே ஏதோ இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அப்போதுதான் தெருக்காரர்களுக்கு இவானின் ஞாபகம் வந்தது.

அது சிவப்புச் சட்டைதான் என்று வீட்டில் அம்மா ஐடாவிடம் மட்டும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இத நீ அங்கியே சொல்லியிருக்கணும்."

"கையப் புடிச்சிகினு அழுதாங்கம்மா. எப்பிடிச் சொல்றது?"

"நீ சொன்னா உன்ன திட்டுவா, அதோட போவும். நாளிக்கு அவளே பாத்தா யாரத் திட்டுவா? போயி சொல்லிட்டு வா."

போனான். நான்கு வீடு தள்ளித்தான். துரை தட்டின் முன்னால் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். ஐந்து நாளில் முதல் சோறு. பார்வதம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "வரட்டும் அந்த நாயி, வெளக்குமாத்தாலயே நாலு போடறேன். எவ கூடயோ பெங்களூர்ல உக்காந்துகினு, இங்க பெத்தவங்க உசுர வாங்குறான்." திட்டத் திட்ட அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. இவானைப் பார்த்ததும் இன்னொரு தட்டைக் கழுவினாள். "உக்காரு இவானு, நீயும் ஒரு வாய் துன்னு." அவன் உட்கார்ந்தான், தின்றான். சோறு தடையில்லாமல் தொண்டையில் இறங்கியது. தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பெங்களூர்க்காரர்கள் வரவில்லை. எங்கோ வெள்ளம், எல்லோரும் அங்கே போய்விட்டார்களாம். தீயணைப்பு வண்டியில் ஸ்ட்ரெச்சரும் கயிறும் இருக்கிறது, நீயே இறங்கிக் கட்டிவிடு என்று இவானிடம் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர். கயிறு பிடிக்க துரை தன் வயதொத்த பழைய சுரங்க ஆட்கள் மூன்று பேரோடு வந்து நின்றார். சுரங்கம் நடந்த காலத்து வழக்கம் அது. கீழேயிருந்து உடம்பு வருகிறது என்றால் யாருடையது என்று கேட்காமல் வந்து கயிற்றில் கை வைப்பார்கள். கீழே கிடப்பது தன் மகன் இல்லை என்று ஆனபிறகு, ஊராரில் ஒருவராகத் துரையும் வந்திருந்தார்.

"மாமா, நீங்க புடிக்க வேணாம். ஃபயர் சர்வீஸ் ஆளுங்க இருக்காங்க."

"ஏம்பா, கெழவன்னு பாக்குறியா? சொரங்கத்துல ஆள ஏத்தி எறக்குற கேஜுக்கு இருவத்திரண்டு வருசம் மணி அடிச்ச கை இது. கேட்டுக்க. நின்னுகினு இருக்கும்போது ஒரு இழு இழுத்தா ஏத்துவோம். ஏறிகினு இருக்கும்போது ஒரு இழு, நிறுத்துவோம். மூணு இழுத்தா ஆளு வருதுன்னு கணக்கு, பூப்போல ஏத்தணும்."

"தண்ணிக்குள்ள நெறம் மாறும் மாமா," என்றான் இவான். எப்படியோ சொல்லிவிட்டான்.

துரை குனிந்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். "எல்லாந்தான் மாறுது. நீ பத்திரமா எறங்கு."

பார்வதம்மாவும் வந்திருந்தாள். கையில் மடிப்புக் கலையாத ஒரு வெள்ளை வேட்டி, ஒரு முழம் சாமந்தி. "யாரு பெத்த புள்ளையோ. அவுங்க ஆத்தாவுக்குத் தெரியுமோ தெரியாதோ. மூடறதுக்கு ஒரு துணி வேணாமா?" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவான் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டான். அவன் முகத்தை இனி யாரும் பார்க்க முடியாது என்பதில் ஒரு கேவலமான நிம்மதி இருந்தது.

கீழே வேலை சீக்கிரமே முடிந்தது. இரும்புக் கயிற்றை வெட்டினான். உடம்பைப் புரட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சிலும் இடுப்பிலும் காலிலும் பட்டி போட்டு ஸ்ட்ரெச்சரோடு கட்டினான். போலீசுக்குப் படம் வேண்டும் என்றார்களே என்று கேமராவைத் தூக்கினான், எடுக்காமலே கீழே விட்டான். கயிற்றை மூன்று முறை இழுத்தான். கொஞ்சம் பொறுத்து ஒரு முறை. கயிறு விறைத்தது. பூப்போலத்தான் ஏற்றினார்கள். இவானும் பக்கத்திலேயே ஏறினான். ஐம்பது அடியில் சட்டை கருப்பாகத்தான் இருந்தது. முப்பதில் காய்ந்த புளியின் நிறம் வந்தது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மறுபடி பார்த்தபோது பதினைந்து அடி. சட்டைக் காலரில், கைமடிப்பில், பித்தான் வரிசையில் எல்லாம் சிவப்பு ஊறி வந்துகொண்டிருந்தது.

இவான் கயிற்றை ஒரு முறை இழுத்தான்.

அந்த நொடியே நின்றது. ஆழத்திலிருந்து வருகிறவன் பதினைந்து அடியில் மூன்று நிமிஷம் நின்றுதான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்று குமிழ் விடும். அது உயிரோடு இருப்பவனுக்கான விதி. பரத்துக்கு அந்தக் கவலை ஒன்றும் இல்லை. இவான் கடிகாரத்தைப் பார்த்தான். தலைக்கு மேலே தண்ணீரின் தோல் வெயிலில் நெளிந்தது. அதற்கப்பால் விளிம்பில் தலைகள், ஒரு வெள்ளைத் துண்டு வெளிச்சம். வேட்டியைப் பார்வதம்மா பிரித்துப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கிறாள். மூன்று நிமிஷம் ஆனது. நான்கு ஆனது. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியது. பிடித்திருந்த கயிற்றை அவனால் மறுபடி இழுக்க முடியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம், அவளுக்கு ஒரு மகன் பெங்களூரில் இருக்கட்டும் என்று நினைத்தான்.

அப்போது மேலேயிருந்து கயிறு அசைந்தது. அவசரமில்லாமல், நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று. ஆள் வருதா என்று துரை கேட்கிறார். பதில் போகவில்லை என்றதும் மறுபடி மூன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்ட்ரெச்சர் கட்டுக்கு அடங்காத பரத்தின் இடது கை, முழுச் சிவப்பாக, தண்ணீரில் எழுந்து எழுந்து தாழ்ந்தது.