குணேஸ்வரி கேட்ட உயிர்வாழ் சான்றிதழ்

“கேட்டது ஆர் அண்ணை? நானோ?”

பக்கத்து வீட்டுக் குணேஸ்வரியின் குரல் எங்கள் குசினிவரை வந்தது. எட்டு மாதமாகக் கட்டிலைவிட்டு இறங்காதவளுக்கு இவ்வளவு சத்தம் எப்படி வந்தது என்று அறியாமல் அடுப்படியில் நிற்க என்னால் ஏலாது. புளி கேட்கிற சாக்கில் போனேன். எங்கள் வீட்டில் புளி இருந்தது, அது வேறு கதை.

விஷயம் இதுதான். யுத்தநிறுத்தம் வந்த 2002ஆம் ஆண்டு, ஒல்லாந்திலிருந்து அவளுடைய தம்பிக்காரன் தொலைபேசியில் சொன்னானாம்: அங்கே புதுச் சட்டமாம். தீராத வருத்தக்காரர் தாங்களே கேட்டால், ஆராய்ந்து பார்த்து டொக்டரே சாக உதவுவாராம். மனவருத்தத்துக்கும், அதுதான் மனநோய்க்கும், உண்டாம். ‘தாங்களே கேட்டால்’ என்பதை அண்ணன் யோகலிங்கம் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கும் கிராம சேவகர் கடிதம் போதும்தானே. தங்கைக்காகத் தானே விண்ணப்பம் எழுதி, ‘சுகமாக வழியில்லை’ என்பதற்கு முத்திரையும் குத்தி வாங்கிவந்துவிட்டார். கிராம சேவகர் வாசித்திருந்தால்தானே.

யோகலிங்கம் கெட்டவர் அல்லர். தொண்ணூறில் அகதி முகாமுக்கு ஓடிய நாளிலிருந்து அவளுக்கு இந்த வருத்தம். அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை என்று என்னிடமே அழுதார். நான் நாலு பேரிடம் மட்டும் சொன்னேன்.

“இருக்கிறதுக்கு எனக்கு ஒல்லாந்து விசா தராதவங்கள், சாகிறதுக்குத் தருவாங்களோ?” என்றாள் குணேஸ்வரி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சாவமோ எண்டு மனம் ஒவ்வொரு நாளும் கேக்குது. இல்லையெண்டு சொல்லிச் சொல்லித்தான் நான் இருக்கிறன். எனக்காக நீங்கள் ஓம் எண்டு சொல்ல ஏலாது.”

யோகலிங்கத்தின் மனைவி கமலாதேவி என்னைப் பார்த்து, புளி குசினியில் இருக்கிறது என்றாள். நான் அசையவில்லை.

கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, தலைகூட வாரி இழுக்காமல், வீட்டுச் சட்டையோடு குணேஸ்வரி கிராம சேவகரிடம் நடந்தாள். நானும் பின்னால் போனேன்; துணைக்குத்தான். அவருடைய மேசையில் கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, உயிர்வாழ் சான்றிதழ் ஒன்று வேண்டும் என்றாள். அது வருடத்துக்கொருமுறை பென்சன்காரர் வந்து வாங்குவது, உங்களுக்கு ஏன் என்று அவர் சிரித்தார். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். மத்தியானமாகியும் எழும்பவில்லை. வரிசை வாசலைத் தாண்டியது. தனக்குக் கிண்ணியாப் படகு தவறிவிடும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றை எழுதிக் கொடுங்கள் என்று வரிசையில் நின்ற நபீஸா முறையிட்டாள்.

“என்னத்துக்கெண்டு எழுத, தங்கச்சி?”

“அண்ணைக்குக் காட்ட.”

எழுதி முத்திரை குத்தினார். இம்முறை வாசித்துவிட்டு.

அடுத்த வருடம் யோகலிங்கமும் கமலாதேவியும் நிலாவெளிக்குக் குடிபோனார்கள். குணேஸ்வரி கூடப் போகவில்லை. கிளினிக் வரிசையில் பழக்கமான தவராசாவை நாற்பத்தாறு வயதில் பதிவுத் திருமணம் செய்தாள். இரண்டு வருத்தக்காரர் ஒரே வீட்டிலா என்று ஊர் கேட்டது. முதலில் கேட்டது நான்தான். மாத்திரையும் நிற்கவில்லை, கட்டிலோடு கிடக்கும் நாட்களும் நிற்கவில்லை. அந்த நாட்களில் சமையல் தவராசாவாம். இருவரும் சாம்பல்தீவுக்குப் போய்விட்டார்கள். விசாரிக்க எனக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.