மூன்று வாக்கியம் சுமந்தவர்கள்

1

இந்தக் கதை ஒரு பாடத்திலிருந்து வந்தது. மறைப்பானேன். ஷார்ஜாவில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் ராதிகா டீச்சர், "இன்கா நாகரிகத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார். அவங்க அன்றாட வாழ்க்கை, சாதனை, அவ்வளவுதான்" என்று கேட்டார். நான் அதே ஊரில் ரோலாவில் ஒரு டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பம் நிரப்புகிறவன். கதையும் எழுதுவேன் என்று யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் எனக்கு வந்தது பொறாமை. அந்தப் பேரரசில் எழுத்தே கிடையாது. அப்படியென்றால் விண்ணப்பப் படிவமும் கிடையாது! சக்கரம் இல்லை, இரும்பு இல்லை, குதிரை இல்லை. ஆனால் மலைமேல் நாற்பதாயிரம் கிலோமீட்டர் சாலை போட்டார்கள். சாந்து பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்திச் சுவர் எழுப்பினார்கள். புல்லைக் கயிறாகத் திரித்துப் பள்ளத்தாக்குக்கு மேலே பாலம் கட்டினார்கள். உருளைக்கிழங்கைப் பனியில் உறையவிட்டு, வெயில் ஏறியதும் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வருடக்கணக்கில் கெடாமல் வைத்துச் சாப்பிட்டார்கள். மறக்கக் கூடாததைக் கயிற்றில் முடிச்சாகப் போட்டு வைத்தார்கள்.

ஊருக்கு இத்தனை பேர் என்று முறை வைத்து வந்து அரசனுக்கு வேலை செய்தார்கள். வேலை நடக்கும்வரை சோறு அரசனுடையது. போனவனுடைய வயலை ஊரார் உழுது வைத்தார்கள். முறை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

[இங்கே கை நின்றுவிட்டது. இதை வாசிக்கப்போகும் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேருக்கு இருபது வருடமாக முறை முடியவில்லை.]

அடுத்த பத்தி ஓட்டக்காரர்களைப் பற்றியது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "குஸ்கோ நகருக்குத் தெற்கே, பனிமலை அடிவாரக் குடிசை ஒன்றில், இருபது வயது ஓட்டக்காரன் ஒருவன் சங்கொலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு —"

வேண்டாம். பனிமலையை நான் பார்த்ததில்லை. நான் பார்த்த உயரமான இடம் திருச்சி மலைக்கோட்டை.

இரண்டாவது தொடக்கம்: "சாஸ்கி என்று அவனை அழைத்தார்கள். அவன் சுமந்தது அரசனின் —"

இதுவும் வேண்டாம். ஆனால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு தேவைப்படும். சாலையோரம் கொஞ்ச தூரத்துக்கு ஒரு குடிசை இருக்கும். செய்தி கொண்டுவருகிறவன் தூரத்திலேயே சங்கு ஊதுவான். குடிசையில் இருப்பவன் எழுந்து, வருகிறவன் வந்து சேருமுன்னே ஓடத் தொடங்கிவிடுவான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவார்கள். ஓடிக்கொண்டே முதலாமவன் செய்தியைச் சொல்வான். இரண்டாமவன் அதை மனதில் வாங்கிக்கொண்டு அடுத்த குடிசைக்கு ஓடுவான். ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது.*

* தவறினால் தண்டனை கொடியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தவர்கள் ஸ்பெயின்காரர்கள். ஓடியவனுக்குத்தான் எழுத்து கிடையாதே.

இதை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த திங்கட்கிழமை காலையில், பதினேழாம் டோக்கனோடு சோலைமுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அதோடு அந்த இருபது வயது ஓட்டக்காரன் காணாமல் போனான். அவன் குடிசையில் நாற்பத்தாறு வயதில், நரைத்த மீசையோடு, நீலச் சட்டையில் கம்பெனிப் பெயர் எழுதிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

3

சோலைமுத்து அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஏசி டக்ட் மாட்டும் வேலை, சஜ்ஜா தொழிலாளர் கேம்ப்பில் ரூம். போன வருடம் வரை அவருக்கு மேல்கட்டிலில் ஜெயமணி படுத்திருந்தான். பக்கத்து ஊர்ப் பையன், முப்பது வயதிருக்கும். இவரை அண்ணே அண்ணே என்று கூப்பிடுவான்.

ஜெயமணிக்கும் அவன் மனைவி விஜிக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டாம் நாளே இறந்துபோனது. அவன் ஊருக்குப் போகவில்லை. கம்பெனி லீவு கொடுக்கவில்லை என்று விஜியிடம் சொன்னான். அந்த வீட்டில் எல்லோரும் கம்பெனியைச் சபித்தார்கள். அதற்குப் பிறகும் அவன் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன ஆடியில் சோலைமுத்து லீவில் கிளம்பினார். கிளம்பும் அன்று பால்பவுடர், சோப்பு, தைலம் எல்லாம் திணித்த ஒரு பையை விஜியிடம் கொடுக்கச் சொல்லித் தந்தான் ஜெயமணி. தந்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, கூடவே ஒரு சேதி இருக்கு. அவ மொகத்தப் பாத்துச் சொல்லணும்."

"போன்ல சொல்ல வேண்டியதுதான தம்பி?"

"மூணு தடவ பாத்துட்டேன். வாயத் தொறந்தா சத்தம் வரமாட்டேங்குதுண்ணே."

பிறகு சொன்னான். மூன்றே வாக்கியம். "லீவு கெடைச்சிருச்சு. டிக்கெட்டும் கையில இருந்துச்சு. பிள்ள மொகத்தப் பாக்கப் பயந்துக்கிட்டு நான்தான் வரல."

அந்த டிக்கெட்டை எடுக்க அவனோடு ட்ராவல்ஸுக்குப் போனவரே சோலைமுத்துதான். கடைசி நேரத்தில் கம்பெனிதான் நிறுத்திவிட்டது என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை மாத்திராதண்ணே" என்றான் ஜெயமணி. "எங்க, ஒரு தடவ திருப்பிச் சொல்லு."

சோலைமுத்து திருப்பிச் சொன்னார்.

4

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். சோலைமுத்துவைக் கோழையாகக் காட்டினால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவர் கோழையல்ல. எட்டாவது மாடியில் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவர்.]

மதுரையிலிருந்து பஸ்ஸில் விஜி வீட்டுக்குப் போகும்போது அந்த மூன்று வாக்கியத்தையும் முணுமுணுத்துக்கொண்டே போனார். கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். விஜி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்பிடிண்ணே இருக்காரு? எளைச்சுட்டாரா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"எனக்கு அந்தக் கம்பெனிக்காரன் மேலதாண்ணே வயித்தெரிச்சல். மண்ண வாரித் தூத்தியிருக்கேன். இவரச் சொல்ல என்ன இருக்கு? விட்டிருந்தா ஓடி வந்திருப்பாரு. நான் எந்திரிச்சு நடமாடுறதே அந்த ஒண்ண நெனச்சுத்தான்."

சோலைமுத்துவின் வாயில் முதல் வாக்கியம் தயாராக இருந்தது. லீவு கெடைச்சிருச்சு. அதைச் சொன்னால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடுகிறாளோ அது போய்விடும். சொல்லாவிட்டால் அங்கே மேல்கட்டிலில் ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான். காபி ஆறிப்போயிற்று. ஆறின காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

"சௌக்கியமா இருக்காரும்மா" என்றார். "அதச் சொல்லத்தான் வந்தேன்."

கேம்ப்புக்குத் திரும்பியதும் ஜெயமணி பெட்டியை இறக்கக்கூட விடவில்லை.

"சொல்லிட்டியாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

இதற்குச் சோலைமுத்து தயாராகவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். "பைய மடியில வச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. பெறகு, சரி, இனிமே அதப் பத்தி யாரும் பேச வேணாம்னு சொல்லிருச்சு."

ஜெயமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். மறுநாள் தானே போய் மீன் வாங்கி வந்து ரூமில் எல்லோருக்கும் குழம்பு வைத்தான். தினமும் விஜியோடு போனில் பேசினான், சிரித்துக்கூடப் பேசினான். கம்பெனி மாறிக் குவைத்துக்குப் போய், மங்காஃபில் இருந்துகொண்டும் வாரம் தவறாமல் சோலைமுத்துவைக் கூப்பிட்டான். அவன் சிரிப்பைக் கேட்கக் கேட்க இவருக்குச் சோறு இறங்கவில்லை.

5

சோலைமுத்து என்னிடம் வருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டிருக்கிறான். "ஒரேயடியா ஊருக்குப் போறேண்ணே. வெள்ளிக்கெழம மத்தியானம் ஃப்ளைட். போன ஒடனே அவ கையப் பிடிச்சு ஒரு தடவ சொல்லணும். இவ்வளவையும் கேட்டுட்டு மன்னிச்சா பாரு, அவதாண்ணே மனுசி."

அதனால்தான் பதினேழாம் டோக்கன்.

"நான் சொல்லல, பொய் சொல்லிட்டேன்னு அவனுக்கு எழுதி அனுப்பிருங்க சார்" என்று ஜெயமணியின் நம்பரை டோக்கனுக்குப் பின்னால் எழுதித் தந்தார். "எனக்கு வாயும் வரல, கையும் வரல. அவன் வீட்டுக்குப் போறதுக்குள்ள தெரிஞ்சிருச்சுன்னா, என்ன செய்யிறதுன்னு அவன் முடிவு பண்ணிக்குவான்."

நான் சரி என்றேன். சங்கு ஊதிவிட்டார்கள். நான் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? செய்தியை நன்றாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். "அன்புள்ள ஜெயமணி, சில உண்மைகள் —" என்று தொடங்கி அழித்தேன். "வாழ்க்கையில் சில சமயம் மௌனம் —" என்று தொடங்கி, வெட்கப்பட்டு அழித்தேன். பிறகு இது செய்தி அல்ல, கதை என்று தோன்றிவிட்டது. இன்காவையும் இதையும் சேர்த்தால் எப்படி இருக்கும்! செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்கு ஒரே சந்தோஷம். முதலாளி ஹஸ்னைன் பாய், "க்யா பாய், இத்னா டைம்? ஜல்தி கரோ" என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் இரண்டாம் பகுதியில் சங்கு எங்கே ஊத வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சோலைமுத்து டூட்டிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"அனுப்பிட்டீங்களா சார்?"

"அனுப்பிட்டேன்" என்றேன்.

"ஏதும் சொன்னானா?"

"பாத்துட்டார். பதில் இல்ல."

அவர் முகம் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் எனக்கு ஒரு டீ வாங்கி வைத்துவிட்டுப் போனார். அந்த டீயை நான் குடித்தேன். என்னை மன்னிக்க வேண்டியவர் அவர்தான், ஆனால் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, இலக்கியம் எதுவும் கலக்காமல் நான்கு வரி தட்டி அனுப்பினேன். வாட்ஸப்பில் ஒற்றை டிக்தான் விழுந்தது, அவனிடம் போய்ச் சேரவில்லை. விமானம் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஊருக்குப் போகிறவன் குவைத் சிம்மைக் கழற்றிப் போட்டிருப்பான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே ஒற்றை டிக்.

இனி முடிவுகள்.

அ) ஜெயமணி வீட்டுத் திண்ணையில் — அழித்துவிட்டேன். அந்த வீட்டில் திண்ணை இல்லை. ஜெயமணி வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். விஜியின் கையைப் பிடித்து, "நீ என்ன மன்னிச்சதுக்கு" என்கிறான். அவள் சிரித்துக்கொண்டே, "எதுக்கு?" என்கிறாள். [இதற்கு மேல் எழுத எனக்கு வலுவில்லை.]

ஆ) சோலைமுத்து இதற்குள் தானே விஜிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். [பண்ண மாட்டார். நான் அனுப்பிவிட்டேன் என்று நம்பி நிம்மதியாகத் தூங்குகிறார். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான்.]

இ) விஜிக்கு ஆரம்பத்திலேயே எல்லாம் தெரியும். தெரிந்தே கம்பெனியைச் சபித்தாள். [அழகான முடிவு. மூன்று ஆண்களும் தப்பித்துக்கொள்ளலாம். அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம்.]

எதையும் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ராதிகா டீச்சருக்குப் பாடத்தை ஓட்டக்காரர் பத்தி இல்லாமல் அனுப்பிவிட்டேன். "சாதனைல இன்னும் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும் சார்" என்று பதில் போட்டிருக்கிறார்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது ஜெயமணி ஊருக்குப் போய் எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். கதையின் வேகம் அவ்வளவுதான். இருந்தாலும் நீங்கள் அருப்புக்கோட்டை பஸ்ஸில் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து இருக்கையில் முப்பது வயதுக்காரன் ஒருவனோ, மடியில் பையை வைத்துக்கொண்ட ஒரு பெண்ணோ உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கலாம்.

முதல் வரியை வாசித்தபோதே நீங்கள் என் பக்கத்தில் ஓடத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது. இதுதான் செய்தி. ஒரு வார்த்தையும் மாற்றிவிடாதீர்கள்.

லீவு கெடைச்சிருச்சு. டிக்கெட்டும் கையில இருந்துச்சு. பிள்ள மொகத்தப் பாக்கப் பயந்துக்கிட்டு நான்தான் வரல.

எங்கே, ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள்.