ஒரு பெட்டிக்கு எத்தனை நிமிடம்

அழகர்சாமி எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தான். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு குடம் பிடித்தான். பல் துலக்கினான், குளித்தான். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினான். மாசியில் மனைவி மயிலம்மாள் இறந்த பிறகுதான் அந்த வீட்டுக்குப் பூட்டு வாங்கினான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் பாலக்கரையில் இறங்கினால் பெரியண்ணனின் டிரங்குப் பெட்டிப் பட்டறை. அழகர்சாமி கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தவன். பட்டறையின் எழுத்து வேலை எல்லாம் அவன் தலையில். போன வருஷம் பெரியண்ணன் அவனைச் சென்னைக்கு ஒரு வகுப்புக்கு அனுப்பினார். தொழிற்சாலைக்காரர்களுக்கான வகுப்பு. அங்கே ஒரு வாத்தியார் இப்படிச் சொன்னார்: ஒரு நாளில் வேலை நடக்கும் நிமிடங்களை, வாங்குகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய உருப்படிகளால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த விடைதான் பட்டறையின் தாளம். அதைவிட வேகமாக ஓடினால் சரக்கு தேங்கும், பின்தங்கினால் வாங்க வந்தவன் வெறுங்கையோடு போவான். ஜெர்மன்காரர்கள் அதற்கு டாக்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

அவன் திரும்பி வந்ததும் மயிலம்மாள் நோயில் படுத்துவிட்டாள். கணக்கு அப்படியே நின்றது. இப்போது வைகாசியில் முதலாளி கேட்டார், அன்று காலை போட்டுக் கொடுத்தான். சாப்பாட்டு நேரமும் டீ நேரமும் போக நானூற்றைம்பது நிமிடம். கடைகளுக்குப் போகும் பெட்டி நாளைக்கு முப்பது. ஆக, ஒரு பெட்டிக்குப் பதினைந்து நிமிடம். கிராப் தாளில் அந்த இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். கீழே நான்கு வேலைகளுக்கும் நான்கு தூண்கள். தகரம் வெட்ட ஒன்பது, மடக்கப் பன்னிரண்டு, ரிவெட் அடித்து நாதாங்கி வைக்கப் பதினான்கு. கடைசித் தூண் மட்டும் கோட்டைத் தாண்டி நின்றது. பூப்போடுவது, பதினெட்டு.

பூப்போடுகிறவள் வீரம்மாள். மூடிக்கு நான்கு ரோஜா, முகப்பில் ஒரு கிளி. கால் விளங்காத புருஷனுக்கும் சேர்த்து அவள் கூலிதான் சோறு.

பெரியண்ணன் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "அப்போ முட்டுக்கட்டை அந்தம்மாதான். அச்சுத் தகடு வைச்சு மை அடிச்சா ரெண்டு நிமிஷத்துல பூ ஆயிடும். திங்கட்கிழமையிலேருந்து வர வேணாம்னு நீயே சொல்லிடு. படிச்சவன் சொன்னா மரியாதையா இருக்கும்."

வெளியே வந்தான். சொல்ல வேண்டும். வீரம்மாளே எதிரில் வந்து சுவரில் ஒட்டியிருந்த தாளின் நகலைப் பார்த்தாள்.

"தம்பி, இதுல ஒசரமா நிக்கிறது யாரு?"

"நீங்கதாங்க்கா."

"இந்த வயசுலயும் வளர்றேன் பாருங்க."

ரிவெட் அடிக்கும் சவரிநாதன் சுத்தியலை நிறுத்திச் சிரித்தான். "வளந்தா வெட்டிடுவாங்கக்கா. முதலாளி கத்திரிக்கோல் தேடிக்கிட்டிருக்காரு." அவன் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

வீரம்மாள் சிரிக்கவில்லை. அழகர்சாமியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அன்று வெள்ளிக்கிழமை, கடைகளுக்குப் பெட்டி ஏற்றிய கைவண்டி வாசலில் புறப்பட்டுக்கொண்டிருந்தது. "நானும் கூடப் போய்ட்டு வரேன்" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் நடந்தான். வேலை ஒன்றும் இல்லை. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மலைக்கோட்டைக்குக் கீழே சின்னையாவின் பாத்திரக்கடை. கல்யாணச் சீருக்குப் பெட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் ஏறும் படி அதுதான். வண்டிக்காரன் பெட்டிகளை இறக்கினான். அழகர்சாமியும் கை கொடுத்து ஒன்றைக் கிடங்குக்குள் தூக்கிப்போனான். உள்ளே உத்தரம் வரை டிரங்குப் பெட்டிகள். எல்லாவற்றிலும் வீரம்மாளின் கிளி. அடியில் கிடந்தவற்றின் விளிம்பில் துரு ஏறியிருந்தது.

"இவ்வளவு கிடக்கும்போது ஏன் மறுபடியும் இறக்கிக்கிறீங்க?" என்று கேட்டான்.

சின்னையா கல்லாவில் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. வெள்ளிக்கிழமை காலையில வாசல் தேடி வர்ற சரக்கை வேணாம்னு திருப்பினா கடை வெளங்குமா? இந்த வீதியில ஒருத்தனும் திருப்ப மாட்டான். உங்க முதலாளி லேசுப்பட்ட ஆளா? அதுக்குத்தானே வெள்ளியாப் பாத்து வண்டி அனுப்புறாரு."

"விக்காதது?"

"ஆடியில திருப்பி அனுப்பிடுவோம். ஆடியில கல்யாணம் ஏது? ஆவணி பொறந்து மொத வெள்ளிக்கிழமை, அதே பெட்டி புது மை பூசிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து எறங்கும். எனக்கும் பழகிடுச்சு, பெட்டிக்கும் பழகிடுச்சு."

அழகர்சாமி கொஞ்ச நேரம் அந்தக் கிடங்கு வாசலிலேயே நின்றான். ஆடியில் திரும்பும் பெட்டிகள் முதலாளியின் தனி நோட்டில்தான் ஏறும், அவனிடம் வராது. கடைக்காரர்கள் ஏற்றுக்கொண்டதை அவர்கள் கேட்டதாக எழுதியிருந்தான். ஒரே பெட்டி ஆனியில் ஒரு தடவையும் ஆவணியில் ஒரு தடவையும் அவன் கணக்கில் ஏறியிருந்தது. வகுத்தது சரி. வகுத்த எண்தான் பொய்.

மற்ற மூன்று கடைகளுக்கும் போனான். எத்தனை இறக்கினீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை பெட்டி படி இறங்கி வெளியே போனது என்று மட்டும் கேட்டான். முகூர்த்த மாதம், வெறும் மாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாளைக்கு இருபத்திரண்டுக்கு மேல் தேறவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பசித்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பிப் புதுத் தாள் எடுத்தான். தூண்களில் மாற்றம் இல்லை. கோடு மட்டும் மேலே ஏறி இருபது நிமிடத்துக்குச் சற்று மேலே நின்றது. நான்கு தூண்களும் அதன் கீழே அடங்கின. வீரம்மாளுடையதுதான் கோட்டை ஒட்டி நின்றது.

பெரியண்ணன் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "காலையில ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடா?"

"காலையில போட்டது தப்புங்க. வெள்ளிக்கிழமைக்காக வாங்கி வைக்கிறாங்க முதலாளி. விக்கிறது இவ்வளவுதான்."

"திரும்பி வர்றது எனக்குத் தெரியாதா? வியாபாரத்துல அதெல்லாம் உள்ளதுதான்."

"தெரியுங்க. ஆனா அதையும் சேத்து வேகம் கேக்குறோம். அச்சுத் தகடு வாங்கினா நாளைக்கு எட்டுப் பெட்டி துருப்பிடிக்கும். அதுக்கும் தகரம் நீங்கதான் வாங்கணும்."

தகரம் என்றதும் அவர் முகம் மாறியது. "அப்போ வெட்டுறவன் பாதி நேரம் சும்மா உக்காந்திருப்பானே?"

"உக்காரட்டுங்க."

"நல்லாப் படிச்சே போ." தாளை மடித்து மேசை மேல் போட்டார். பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இல்லீங்க."

"சொல்லாதே. இருக்கட்டும்."

வீரம்மாள் கடைசி மூலையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அடித்துப்பிடித்துப் போட்டிருக்கிறாள்; ரோஜாக்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்திருந்தன. ஒரு கிளிக்குக் கண்ணே இல்லை. அவன் வருவதைப் பார்த்தும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"எத்தனை நிமிஷம் கொறைக்கணும், சொல்லுங்க தம்பி. கொறைச்சிடுறேன்."

"கொறைக்க வேணாம்க்கா. வேலையிலேருந்து யாரும் போகலே. கோடு தப்பு, மாத்திட்டேன். நீங்க எப்பவும் போல போடுங்க. அவசரமில்லே."

சொல்லி முடித்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான். வீரம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நெற்றியில் பச்சை மை ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.

"என்ன தம்பி, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீட்டு நெனப்பா?"

அவன் தலையாட்டினான்.

"புண்ணியவதி, ஒங்க சம்சாரம். கடைசி மூச்சுல ரங்கா ரங்கான்னுச்சாமே. ஒங்க மாமியா துக்கத்துக்கு வந்த எல்லார்கிட்டயும் சொன்னாங்க."

"அத்தை அப்போ அங்கே இல்லே."

வீரம்மாள் தூரிகையை மைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "பின்னே?"

அழகர்சாமி காயாத பெட்டிகளுக்கு நடுவே, ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தான். இதை இதுவரை அவன் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் அவனைக் கேட்டதும் இல்லை. எல்லோரும் மாமியாரைத்தான் கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில காபி வேணும்னா. ஃபிளாஸ்கை எடுத்துக்கிட்டுப் போனேன். கடையில கூட்டம். நான் முண்டலே. மொறைப்படி நின்னு வாங்கிட்டு, நடந்துதான் வந்தேன். அதுக்குள்ள போய்ட்டா."

"ஓடி வந்திருக்கலாமே தம்பி."

"வந்திருக்கலாம்க்கா. நான் கெளம்பும்போது அவ சொன்னா, 'மெதுவா வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லே.'"