தே வேறு, தே ஓ வேறு

காலை ஆறு ஐம்பது. குமரவேல் மருந்துப் போத்தலைக் குலுக்கினான். மகள் அன்பரசி கண்ணை இறுக மூடி வாயைத் திறந்தாள். ஐந்து வயது. மருந்து உள்ளே போனதும் முகம் கோணியது.

"த்தூ. ஆணி மாதிரி இருக்குப்பா."

"ஆணி தின்னா பலம்லா."

ஐஸ் போட்ட தே ஓவை நீட்டினான். மளமளவென்று குடித்தாள். பிறகு ஐஸை ஒவ்வொன்றாகக் கடித்து நொறுக்கினாள். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்காது.

மூன்று மாதத்துக்கு முன், பாலர் பள்ளி ஓட்டப்போட்டியில், பாதி வழியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. களைத்துப்போய் உட்கார்ந்தாள். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். இரத்தம் ஒன்பது புள்ளி இரண்டு. பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டும்.

"இரும்புச் சத்து இல்ல," என்றாள் கிளினிக் தாதி, மிஸ்ஸி ஜஸ்மின். "சும்மா சும்மா ஐஸ் கடிக்கிறதும் அதனாலதான். மருந்து குடுங்க. ஈரல், முட்டை, கீரை குடுங்க. மருந்தோட பால் வேணாம், தே வேணாம். மூணு மாசத்துல ஏறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்."

செய்தி புக்கிட் ரோத்தான் ஊர் முழுக்கப் பரவியது. குமரவேல் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழைய இரும்பு ஏற்றுகிறவன். சாப்பாட்டுக் கடை சீனி முகம்மது விடவில்லை.

"ஊரு இரும்பெல்லாம் உன் லோரியில. உன் புள்ளைக்கு இல்லையாப்பா?"

மனைவி தனேஸ்வரிக்கு ஆறு மணிக்கே தொழிற்சாலை பஸ். மருந்து அவன் பொறுப்பு. ஒரு நாளும் விட்டதில்லை. அதனால் மூன்று மாதம் முடிந்த அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். தனேஸ்வரி லீவு போட்டு வந்திருந்தாள்.

ஒன்பது புள்ளி நான்கு.

தனேஸ்வரி திரும்பினாள். "மருந்த புள்ளைக்குக் குடுத்தீங்களா, லோரிக்கு ஊத்துனீங்களா?"

குமரவேல் மகளின் குத்திய விரலைப் பார்த்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்னும் எத்தனை ஊசியோ.

ஜஸ்மின் குழந்தையிடம் குனிந்தாள். "மருந்து சாப்ட்டதும் என்னம்மா குடிப்ப?"

"தே ஓ ஐஸ்!" கடையில் ஆர்டர் சொல்வது போல் சொன்னாள்.

"அண்ணே, தே குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"தே குடுக்கல மிஸ்ஸி. தே ஓதான் குடுத்தேன்."

ஜஸ்மின் பேனாவைக் கீழே வைத்தாள். கடையில் தே என்றால் பால் போட்ட தேநீர். தே ஓ என்றால் பால் இல்லாதது. பாலும் வேண்டாம், தேயும் வேண்டாம் என்றதை அவன் ஒரே விஷயமாகக் கேட்டிருக்கிறான்.

"தேத்தண்ணியே ஆகாதுண்ணே. இரும்ப உடம்புல சேர விடாது. நாந்தான் வெவரமா சொல்லியிருக்கணும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லிமாவ் குடுங்க. அது சேர்த்துவிடும்."

"அப்போ, தே ஓ லிமாவ்?"

தனேஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஆயர் லிமாவ்," என்றாள் ஜஸ்மின். "எலுமிச்சையும் தண்ணியும். அவ்ளோதான்."

டாக்டர் இன்னும் ஒரு மாதம் தந்தார். அப்போதும் ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம்தான்.

அன்றே தேத்தூள் டின் வீட்டைவிட்டு லோரிக்குப் போனது. மகள் கண்ணெதிரே அவனும் தே குடிப்பதில்லை. காலையில் மருந்து, பிறகு லிமாவ். ஈரல் வறுவலிலும் எலுமிச்சை பிழிந்தான். மீன் குழம்பிலும் பிழிந்தான். "என்னையும் புழிஞ்சிராதீங்க," என்றாள் தனேஸ்வரி.

மாதம் முடிந்து, விடிந்தால் இரத்தப் பரிசோதனை. சாயங்காலம் சீனி முகம்மது கடை முன்னால் லோரியை நிறுத்தினான். கதவைப் பூட்டித் திரும்புவதற்குள் அன்பரசி கடைக்கு ஓடி, நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை.

"எங்க தங்கச்சிக்கு ஸ்பெஷல்," என்று சீனி முகம்மது ஆயர் லிமாவ் வைத்தார். வழக்கம்போல் ஐஸ் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

அவள் பார்த்தாள். கிளாஸைத் தள்ளினாள்.

"ஐஸ் வேணாம் மாமா. எடுத்துருங்க."

குமரவேலுக்கு ஐஸைப் பற்றி மிஸ்ஸி சொன்னது ஞாபகம் வந்தது.

சீனி முகம்மது பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஐஸ் வேணாமா? ஏம்ப்பா குமரவேலு, புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"